வோல்டேஜ் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர்: ப்ராஜெக்டுக்கு எடுக்கும் முன் படித்துவிடுங்கள்

கடைசி வருட ப்ராஜெக்டுக்கு இந்தத் தலைப்பு வந்தபோது எங்கள் குழுவில் மூன்று பேர் இருந்தோம். கைடு கேட்டது சுருக்கமானது: 12 வோல்ட் பேட்டரி, வெளியே 50 ஹெர்ட்ஸ் ஏசி, ஒரு குமிழைத் திருப்பினால் 50 வோல்ட்டிலிருந்து 230 வரை எது வேண்டுமோ அது வர வேண்டும், 100 வாட் லோடு தாங்க வேண்டும். முதல் ரிவ்யூ முடிவதற்குள் ஒருவன் வேலைக்கான பயிற்சி என்று சென்னைக்குப் போய்விட்டான். இன்னொருத்தி ரிப்போர்ட்டை முழுசாகத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். ஹார்டுவேர் மொத்தமும் என் தலையில். கடலூரில் வீடு, புதுச்சேரியில் காலேஜ். டிரான்ஸ்ஃபார்மரையும் பேட்டரியையும் தோள்பையில் தூக்கிக்கொண்டு கூட்ட நேரத்து பஸ்ஸில் போய்வந்ததில் தோள்பட்டை வலி இன்னும் இருக்கிறது. "உள்ள இன்னாம்மா வெச்சிருக்க, கல்லா?" என்று கண்டக்டர் கேட்பார்.

எல்லாம் சேர்த்து 16,000 ரூபாய்க்குப் பக்கத்தில் செலவானது. அதில் பாதிக்கு மேல் குப்பைக்குத்தான் போனது. அம்மாவிடம் இரண்டாவது முறை பணம் கேட்டபோது அவர் ஒன்றும் சொல்லாமல் எடுத்துக் கொடுத்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. இதற்குப் பாதி விலையில் ப்ராஜெக்ட் சென்டரில் ரெடிமேடாகக் கிடைக்குமே என்று சீனியர்கள் எல்லோரும் சொன்னார்கள். கிடைக்கும். வகுப்பில் சிலர் வாங்கவும் செய்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மார்ச் மாதம் நள்ளிரவில் மாஸ்ஃபெட் (கரண்டைக் குழாய் மாதிரி திறந்து மூடும் எலக்ட்ரானிக் சுவிட்ச்) வெடித்த வாசனையோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்திருந்தால் நீங்களும் வாங்கியிருப்பீர்கள். ஆனால் அந்தப் பெட்டியைத் திறந்து "இந்த ரெசிஸ்டர் எதுக்கு?" என்று கேட்டால் பதில் வராது. வெளியிலிருந்து வரும் தேர்வாளர்கள், அதாவது எக்ஸ்டர்னல்கள், அதைத்தான் கேட்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வோல்டேஜை மாற்ற வேண்டும் என்றால் எந்த இடத்தில் மாற்றப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். ஒன்று, பிரிட்ஜுக்கு (டிசியை ஏசியாக மாற்றும் நான்கு மாஸ்ஃபெட் சுற்று) போகும் டிசியையே கூட்டிக் குறைப்பது. அதற்கு முன்னால் இன்னொரு கன்வெர்ட்டர் வைக்க வேண்டும், ஆக இரண்டு ப்ராஜெக்ட். இன்னொன்று, கடைசியில் டிரான்ஸ்ஃபார்மரில் டேப்பிங் எடுத்து சுவிட்ச் போடுவது. இது நம் வீட்டு ஸ்டெபிலைசர் செய்யும் வேலை. படி படியாகத்தான் மாறும். மூன்றாவது, டிசி அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, மாஸ்ஃபெட்டுகள் எவ்வளவு நேரம் திறந்திருக்கின்றன என்பதை மாற்றுவது. மாணவர் ப்ராஜெக்டுக்குச் சரிப்படுவது இந்த மூன்றாவதுதான். இதிலும் இரண்டு வகை உண்டு. ஒவ்வொரு அரைச் சுற்றிலும் ஒரே ஒரு சதுரத் துடிப்பை விட்டு அதன் அகலத்தைக் குறைப்பது சுலபம், எஸ்ஜி3525 மாதிரி ஒரு ஐசியே போதும். ஆனால் அகலம் ஓரளவுக்கு மேல் குறைந்தால் ஹார்மோனிக்ஸ் (50 ஹெர்ட்ஸின் மடங்குகளில் வரும் வேண்டாத அலைகள்) கூடும், 80 வோல்ட்டுக்கு இறக்கினால் மின்விசிறி வண்டு மாதிரி ரீங்காரம் போடும். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்து கடலூர் இருட்டில் கிடந்த பிறகு எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வாங்கினார்கள், எங்கள் வீட்டில் வந்தது சதுர அலை ரகம். அந்த ஃபேன் சத்தத்தில் தூங்கி வளர்ந்தவள் என்பதால் இரண்டாவது வகையான சைன் பிடபிள்யூஎம்தான் (சைன் அலையைப் பின்பற்றி அகலம் மாறும் பல சின்னத் துடிப்புகள்) என்று பிடிவாதமாக நின்றேன். அதில் வோல்டேஜைக் குறைத்தாலும் அலையின் வடிவம் கெடாது. மாடுலேஷன் இண்டெக்ஸ் என்ற ஒரே எண்ணை 0-க்கும் 1-க்கும் நடுவில் மாற்றினால் வெளியீடும் அதற்கேற்ப நேர்விகிதத்தில் மாறும்.

முதல் அடி டிரான்ஸ்ஃபார்மரில் விழுந்தது. டிபார்ட்மெண்ட் அலமாரியில் இருந்த பழைய ரிப்போர்ட்டில் 12 வோல்ட் பேட்டரி, 12 வோல்ட்டுக்கு 230 டிரான்ஸ்ஃபார்மர், ஃபுல் பிரிட்ஜ், வெளியே 230 என்று ஃபோட்டோவோடு போட்டிருந்தது. அதே மாதிரி வாங்கி மாட்டினேன். மாடுலேஷனை முழுதாக ஏற்றியும் 150-ஐச் சுற்றியே நின்றது. ஆர்டுயினோ கண்ட்ரோலர் போர்டுக்கு எழுதிய கோடில் (ப்ரோக்ராமில்) எங்கோ பிசகு என்று நினைத்து நாள் கணக்கில் டைமரையும் சைன் டேபிளையும் நோண்டினேன். கோடு சரியாகத்தான் இருந்தது. அந்த ரிப்போர்ட் சதுர அலைக்கானது. சதுர அலையில் உச்ச வோல்டேஜும் ஆர்எம்எஸ்ஸும் (அதே சூட்டைத் தரும் டிசிக்கு ஈடான வோல்டேஜ்) ஒன்றுதான், 12 வோல்ட் பேட்டரியில் 12 வோல்ட் ஆர்எம்எஸ் கிடைக்கும். சைனில் உச்சம்தான் 12, ஆர்எம்எஸ் அதை 1.414-ஆல் வகுத்தால் வருவது, அதாவது 8.5. மாஸ்ஃபெட்டிலும் ஒயரிலும் போகிற சில்லறையைக் கழித்தால் எட்டு. 12-க்கு 230 என்றால் 8-க்கு எவ்வளவு? 153. இந்தக் கணக்கைப் போட ஐந்து நிமிடம் ஆகாது. அந்த ஐந்து நிமிடத்தை யாரும் எனக்குச் சொல்லாததன் விலை 2,000 ரூபாயும் இரண்டு வாரமும்.

ஆகவே கணக்கை வெளியிலிருந்து உள்ளே போடுங்கள். பேட்டரி 12 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் லோடில் 10.5 வரை இறங்கும். 10.5-ஐ 1.414-ஆல் வகுத்தால் 7.4. இழப்பு போக 7. ஆகவே டிரான்ஸ்ஃபார்மரின் பேட்டரிப் பக்க வைண்டிங் 7 வோல்ட். 100 வாட்டை 7-ஆல் வகுத்தால் 14 ஆம்பியருக்கு மேல். இந்த மாதிரி டிரான்ஸ்ஃபார்மர் கடையில் தொங்காது, சுற்றித்தான் வாங்க வேண்டும். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மோட்டார் காயில் கட்டுகிற ஒருவரிடம் போனேன். "ஏழு வோல்ட்டா? இன்னாம்மா கணக்கு இது, ஆறு உண்டு, ஒம்போது உண்டு" என்று சிரித்தார். காகிதத்தில் போட்டுக் காட்டியதும் ஒப்புக்கொண்டு, 15 கேஜ் கம்பியை இரண்டு சரடாகச் சேர்த்துச் சுற்றிக் கொடுத்தார். தடித்த ஒற்றைக் கம்பி கோர் முனையில் வளையாது, வார்னிஷ் உரிந்துவிடும் என்று சொன்னதும் அவர்தான்.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. 7 வோல்ட் வைண்டிங் வைத்துவிட்டு, சார்ஜரில் இருக்கும்போது 13.8 வோல்ட் காட்டும் பேட்டரியை அப்படியே மாட்டி மாடுலேஷனை 1-க்கு ஏற்றினால் வெளியே 320 வோல்ட் வரும். லோடாக மாட்டிய எல்ஈடி பல்பு ஒன்று அப்படித்தான் போனது. குமிழ் நேரடியாக மாடுலேஷனை மாற்றக் கூடாது. குமிழ் 'இவ்வளவு வேண்டும்' என்று கேட்க வேண்டும். வெளியீட்டை ஒரு சின்ன 230-க்கு 6 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக அளந்து, அதற்குத் தகுந்தபடி கண்ட்ரோலர் மாடுலேஷனைத் தானே ஏற்றி இறக்க வேண்டும். கூடவே 240-ஐத் தாண்டினால் நிறுத்து என்று ஒரு வரி கோடு. ஃபீட்பேக் இல்லாத வேரியபிள் இன்வெர்ட்டரில் நீங்கள் பாதிதான் மாற்றுகிறீர்கள், மீதியைப் பேட்டரி மாற்றிக்கொண்டிருக்கும்.

அடுத்தது மாஸ்ஃபெட். அதிகம் அழுதது இங்கேதான். ஐஆர்எஃப்இசட்44என் வாங்கினேன், 55 வோல்ட், 49 ஆம்பியர் ரகம், 12 வோல்ட்டுக்குத் தாராளம். முதல் செட் பத்து நிமிடத்தில் தொட முடியாத சூடு. ஹீட்சிங்க்கைப் பெரிதாக்கினேன், ஃபேன் வைத்தேன், ஒன்றும் ஆகவில்லை. லேபில் ஒரு சார் சொல்லிக்கொடுத்த சோதனை இது, எல்லோரும் கட்டாயம் செய்ய வேண்டியது: கேட் என்ற காலுக்கு (திறக்கவும் மூடவும் சொல்லும் கால்) ஒரு 9 வோல்ட் பேட்டரியைக் கொடுங்கள், டிரெயின் காலிலிருந்து சோர்ஸ் காலுக்குச் (கரண்ட் ஓடும் இரண்டு கால்கள்) சரியாக 1 ஆம்பியர் ஓடவிடுங்கள், கால்களின் அடிப்பகுதியில் மீட்டர் முனையை வைத்து மில்லிவோல்ட் அளந்து பாருங்கள். வரும் எண்தான் திறந்த மாஸ்ஃபெட்டின் தடை, மில்லிஓமில். டேட்டாஷீட்டில் அதிகபட்சம் 17.5 என்று இருக்கும், 9 வோல்ட்டில் ஒன்றிரண்டு கூடினால் பரவாயில்லை. என்னிடம் இருந்தவை 60-க்கு மேல் காட்டின. வேறு எதையோ சுரண்டிவிட்டு மேலே பெயர் அச்சடித்த சரக்கு. அதே கரண்டில் மூன்றரை மடங்கு சூடு, எந்த ஹீட்சிங்க் தாங்கும்? வாங்கிய கடையில் திருப்பிக் கேட்டதற்கு "எரிச்சுட்டு வந்து கேக்கறீங்களே" என்றார்கள். அதற்கப்புறம் சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவுக்கே போய், விலை இரண்டு மடங்காக இருந்தாலும் சரி என்று வாங்கினேன். அப்போதும் முதலில் இரண்டே இரண்டு வாங்கி, வீட்டில் அளந்து பார்த்த பிறகுதான் மீதி.

நல்ல மாஸ்ஃபெட் வந்த பிறகும் வெடித்தது. மேல் மாஸ்ஃபெட் மூடி முடிப்பதற்குள் கீழ் மாஸ்ஃபெட் திறந்தால் பேட்டரி நேரடியாக ஷார்ட். இரண்டுக்கும் நடுவில் ஒரு மைக்ரோ செகண்டாவது இரண்டும் மூடியிருக்க வேண்டும், அதுதான் டெட் டைம். ஆர்டுயினோ ஊனோ ஆர்3-இல் இதற்கென்று தனி வசதி கிடையாது. டைமர்1-ஐ மேலும் கீழும் எண்ணும் முறையில் வைத்து, ஒரு வெளியீட்டை நேராகவும் மற்றதைத் தலைகீழாகவும் போட்டு, இரண்டு ஒப்பீட்டு எண்களுக்கும் நடுவில் 16 எண்ணிக்கை இடைவெளி விட்டால் 16 மெகாஹெர்ட்ஸில் சரியாக ஒரு மைக்ரோ செகண்ட் கிடைக்கும். இதையும் செய்தேன். ஓடும்போது நன்றாக ஓடியது. கோடு மாற்றி அப்லோடு செய்யும்போது படார். அப்லோடு சமயத்தில் ஆர்டுயினோ ரீசெட் ஆகும், பின்கள் எந்தப் பக்கமும் சேராமல் அந்தரத்தில் நிற்கும். டிரைவர் ஐசியின் (ஆர்டுயினோவுக்கும் மாஸ்ஃபெட் கேட்டுக்கும் நடுவில் நிற்பது) இன்புட் ஒவ்வொன்றிலிருந்தும் கிரவுண்டுக்கு ஒரு 10 கே ரெசிஸ்டர் போடுங்கள். அதைவிட முக்கியம், பேட்டரி மாட்டியிருக்கும்போது அப்லோடு பட்டனைத் தொடாதீர்கள்.

நான்கு மாஸ்ஃபெட் போன பிறகு அந்தக் காயில் கட்டுபவரிடமே புலம்பினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "சீரீஸ் பல்பு போட்டியா?" மிக்சி, மோட்டார் எதை ரிப்பேர் பார்த்தாலும் முதலில் 100 வாட் குண்டு பல்பு வழியாகத்தான் கரண்ட் கொடுப்பார்கள், உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு எரியும், சரக்கு தப்பிக்கும். 12 வோல்ட்டுக்கு பைக் ஹெட்லைட் பல்பு போதும். 35 வாட் பல்பு என்றால் மூன்று ஆம்பியருக்கு மேல் விடாது. பேட்டரி பிளஸ்ஸுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில் அந்தப் பல்பைப் போட்ட நாளிலிருந்து எனக்கு ஒரு மாஸ்ஃபெட்கூடச் சாகவில்லை. பல்பு மங்கலாக இருந்தால் சரி, பளிச்சென்று எரிந்தால் ஆஃப் செய்துவிட்டு யோசி. நான்கு வருடம் படித்ததில் இது எந்த யூனிட்டிலும் வரவில்லை.

டிரைவராக ஐஆர்2110 போட்டேன். அதைப் பற்றி எழுதுபவர்கள் பூட்ஸ்ட்ராப் கபாசிட்டர் 0.1 மைக்ரோ ஃபாரட் என்று போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். பிரிட்ஜின் இரண்டு பக்கமும் வேகமாக ஸ்விட்ச் ஆனால் அது போதலாம். நான் செய்தது மாதிரி ஒரு பக்கத்தை 50 ஹெர்ட்ஸில் மட்டும் மாற்றினால், மேல் மாஸ்ஃபெட் தொடர்ந்து 10 மில்லி செகண்ட் திறந்திருக்க வேண்டும். அத்தனை நேரமும் கேட்டுக்கு உயிர் கொடுப்பது அந்தக் கபாசிட்டர் ஒன்றுதான். கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே பாதுகாப்புக்கு வைத்த 10 கே ரெசிஸ்டரே அதிலிருந்து 1.2 மில்லி ஆம்பியர் உறிஞ்சும். 10 மில்லி செகண்டுக்கு 12 மைக்ரோ கூலும். 0.1-இல் இருப்பதே மொத்தம் 1.2 மைக்ரோ கூலும்தான். நடுவிலேயே கபாசிட்டர் வடிந்து, வோல்டேஜ் போதாமல் ஐஆர்2110 மேல் மாஸ்ஃபெட்டை மூடிவிடும். 47 மைக்ரோ ஃபாரடும், பக்கத்திலேயே ஒரு 0.1-உம் போட்டால் வோல்டேஜ் இறக்கம் அரை வோல்ட்கூட வராது. இன்னொன்று, கீழ் மாஸ்ஃபெட் ஒருமுறை திறந்தால்தான் இந்தக் கபாசிட்டர் நிரம்பும். ஆகவே ஆன் செய்ததும் முதலில் கீழ்ப்பக்கம் திறக்கும்படி கோடு எழுதுங்கள், மாடுலேஷனைப் பூஜ்யத்திலிருந்து மெதுவாக ஏற்றுங்கள்.

ப்ரெட்போர்டைப் பற்றி நீட்டி எழுத எதுவும் இல்லை. கண்ட்ரோல் பகுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள், 14 ஆம்பியர் ஓடும் பாதைக்குக் கனமான ஒயர், திருகாணி, நன்றாகப் பிடித்த ஈயம். பேட்டரி வாயிலேயே 20 ஆம்பியர் ஃப்யூஸ்.

அளப்பதிலும் ஒரு குழி இருக்கிறது. சாதாரண மல்டிமீட்டர் ஏசியை அளக்கும்போது சராசரியை எடுத்து 1.11-ஆல் பெருக்கிக் காட்டும், சைனுக்கு மட்டும்தான் அது சரி. சதுர அலையைக் கொடுத்தால் 11 சதவீதம் கூடுதலாகக் காட்டும். அந்தப் பழைய ரிப்போர்ட்டின் 230-ஐ இப்போது நான் நம்புவதில்லை. ஃபில்டர் போடாத பிடபிள்யூஎம்மை அளந்தால் மீட்டர் வாய்க்கு வந்ததைச் சொல்லும். 230 பக்கத்தில் 2.2 மைக்ரோ ஃபாரட் ஏசி கபாசிட்டரும், பேட்டரிப் பக்கத்தில் வரிசையாக ஒரு சோக்கும் (கம்பிச் சுருள்) போட்ட பிறகுதான் எண்கள் நிலைத்தன. ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர் காலேஜில் ஒன்றாவது இருக்கும், கேட்டு வாங்குங்கள். டிஎஸ்ஓவில் (டிஜிட்டல் ஆஸிலோஸ்கோப்) பார்க்கும்போது ப்ரோபின் கிரவுண்டு கிளிப்பை பிரிட்ஜின் வெளியீட்டில் மாட்டிவிடாதீர்கள். அந்தக் கிளிப் எர்த்தோடு சேர்ந்தது. ஆர்டுயினோ ஒரு டெஸ்க்டாப்பில் மாட்டியிருந்தால் பேட்டரி மைனஸும் எர்த்தாகிவிடும், மேல் மாஸ்ஃபெட் திறந்ததும் ஷார்ட். இரண்டு கிளிப்பையும் பேட்டரி மைனஸில் வைத்து, இரண்டு ப்ரோபையும் இரண்டு வெளியீட்டில் வைத்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பாருங்கள்.

ஷாக் விஷயம் தனி. 12 வோல்ட் பேட்டரிதானே என்ற அலட்சியம் எல்லோருக்கும் வரும். வெளியே வருவது வீட்டு கரண்ட் மாதிரியே கொல்லக்கூடியது. டிரான்ஸ்ஃபார்மர் வெளியீடு எர்த்தோடு சேராததால் டெஸ்டர் சில நேரம் எரியாது. டெஸ்டர் எரியவில்லை என்று நம்பிக் கை வைக்காதீர்கள், இரண்டு முனைக்கும் நடுவில் மீட்டரை வைத்துப் பாருங்கள். ஆஃப் செய்த பிறகும், டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கழன்றுவிட்டால் கபாசிட்டரில் சார்ஜ் நிற்கலாம், அதற்குக் குறுக்கே ஒரு 220 கே ரெசிஸ்டர் போட்டுவிடுங்கள்.

வைவாவில் எக்ஸ்டர்னல் குமிழைத் திருப்பி 60 வாட் பல்பு மங்கி எரிவதைப் பார்த்தார், அதில் அவருக்கு ஆர்வமே இல்லை. பேட்டரி ஒயரை ஒரு கையால் தூக்கி, "வோல்டேஜ் குறைஞ்சா இதுல கரண்ட் என்னம்மா ஆகும்?" என்றார். பல்பு லோடுக்குக் குறையும், பவரே குறைகிறது என்றேன். "பவர் மாறாத லோடா இருந்தா?" என்றார். 7 வோல்ட் பக்கத்தில் கரண்ட் அப்படியேதான் இருக்கும், 230 பக்கத்தில் மட்டும் கூடும் என்று தொடங்கி, இல்லை, மாடுலேஷன் குறைந்தால் வைண்டிங் வோல்டேஜும் குறைகிறது, ஆகவே இரண்டு பக்கமும் கூடும், பேட்டரியில் மட்டும் ஏறக்குறைய அப்படியே இருக்கும் என்று அவர் முன்னாலேயே பேசிப் பேசி வந்து சேர்ந்தேன். தலையாட்டிவிட்டு அடுத்த டேபிளுக்குப் போய்விட்டார். அதற்குத்தான் மதிப்பெண் போட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

இதையே இப்போது மறுபடி செய்யச் சொன்னால் 12 வோல்ட்டை விட்டுவிடுவேன். யுபிஎஸ்ஸில் போடுகிற 7 ஆம்பியர் ஹவர் பேட்டரி இரண்டை வரிசையாக வைத்து 24 வோல்ட். குறைந்தபட்சம் 21, அதை 1.414-ஆல் வகுத்தால் 14.8, இழப்பு போக 14 வோல்ட் வைண்டிங். கரண்ட் பாதியாகி 7 ஆம்பியருக்கு வந்துவிடும், சூடு நான்கில் ஒரு பங்கு, கம்பி ஒற்றைச் சரடு போதும், அதே ஐஆர்எஃப்இசட்44என் 55 வோல்ட் என்பதால் தாங்கும். டிரைவர் ஐசிக்கு மட்டும் ஒரு 7812 ரெகுலேட்டர் போட்டு 12 வோல்ட் எடுத்துக்கொள்ளுங்கள், 24-ஐ நேராகக் கொடுத்துவிட்டால் மாஸ்ஃபெட்டின் கேட் 20-க்கு மேல் தாங்காது. சோதனைக்கு ஒரே ரக ஹெட்லைட் பல்பு இரண்டு, வரிசையாக. பேட்டரி புதிதாக வாங்க வேண்டியதில்லை, தெரிந்த கம்ப்யூட்டர் கடையில் சொல்லிவைத்தால் மாற்றிக் கழித்த யுபிஎஸ் பேட்டரி சல்லிசாகக் கிடைக்கும். வாங்கும் முன் ஹெட்லைட் பல்பை அதில் மாட்டி, ஐந்து நிமிடம் கழித்தும் 11.5-க்குக் கீழ் இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்து எடுங்கள்.